கூடுதல் கணிதத்தில் 31: மகனுக்கு மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: படிவம் 4 (16 வயது) படிக்கும் மகன் கூடுதல் கணிதத்தில் 31, இயற்பியலில் 38 எடுத்திருக்கிறான். படிவம் 3 வரை கெட்டிக்காரன். காலையில் வயிற்று வலி, முடி கொட்டுகிறது, படித்தது மறக்கிறது. இணையத்தில் பார்த்தால் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) என்கிறது. தோழி, தன் மகன் சாப்பிடும் மாத்திரையில் கொஞ்சம் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? இப்போது ஃபுட்சலுக்கும் போவதில்லை. ‘நான் இல்லாம இருந்தா உங்களுக்குச் செலவு மிச்சம்’ என்கிறான்.
- வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். அது வல்லாரை லேகியம் அல்ல. நெஞ்சுத் துடிப்பு, தூக்கம், மனநிலை மூன்றையும் தொடும் மருந்து. ஏ.டி.எச்.டி. என்றால் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். படிவம் 4இல் திடீரென்று முளைக்காது. இணையத்தைக் கேட்டால் எனக்கும் நாலு நோய் சொல்லும்.

முடி மறுபடி முளைக்கும். வயிற்று வலி பள்ளி விடுமுறையில் வராவிட்டால் அது பெரும்பாலும் பயம்தான். எடை குறைந்தாலோ, வலி நடு இரவில் எழுப்பினாலோ கிளினிக்குக்கு வாருங்கள். மறதியா? எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று நீங்கள் எழுதவே இல்லை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, அதுவரை ஒரே பாடமாக இருந்த அறிவியல் படிவம் 4இல் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று பிரிகிறது, கூடவே கூடுதல் கணிதமும் வந்து சேர்கிறது. முதல் பரீட்சையில் கவிழ்கிறவர்கள் நிறைய. நான் வாங்கியது 27.

கடிதத்தின் வாலில் ஒட்டிய அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். உங்களை எழுத வைத்ததே அதுதான் என்று நினைக்கிறேன். ‘சும்மா சொல்றான்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடித்த விளையாட்டை விட்டுவிட்டு, தன்னைச் சுமை என்று பேசும் பிள்ளையிடம் இன்று இரவே பேச வேண்டும். டியூஷனிலிருந்து காரில் கூட்டி வரும்போது கேட்கலாம். முகம் பார்க்காமல் பேசுவது பையன்களுக்குச் சுலபம். ‘செத்துப் போகலாம்னு தோணுதாப்பா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவன் பேசும்போது ‘உனக்காக எவ்வளவு செலவு பண்றோம்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவனைக் குத்துவதே அந்தக் கணக்குதான்.

‘ஆமாம்’ என்றாலோ, பதிலே வராவிட்டாலோ தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளை, தாத்தாவின் சர்க்கரை மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ‘இல்லை’ என்றாலும் இந்த வாரத்துக்குள் அரசு சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள், பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் சொல்லுங்கள். நடுவில் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் லைன் 15555. இரவு எந்நேரமும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு 03-7627 2929. அவனுக்கு மட்டுமல்ல, நீங்களும் அழைக்கலாம்.

போலீஸ், கேஸ் என்று பயந்து மறைக்கும் பெற்றோரை இன்னும் பார்க்கிறேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் கூட்டிப் போங்கள்.