2038 சிக்கலைப் படிக்க விரும்பும் மகள்: மன்னார்குடித் தந்தைக்குப் பதில்

மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கும் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள் 2038-இல் பழைய கணினி நிரல்களில் தேதி தடம்புரளப் போகும் 2038 சிக்கலைப் பற்றித் திட்டப்பணி செய்ய விரும்புவதாகவும், அந்த ஆண்டு கடந்துவிட்டால் அந்தப் படிப்புக்கு மதிப்பிருக்குமா என்று தாங்கள் கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் விருப்பத்துக்குத் தடை சொல்ல வேண்டாம் என்பதே என் கருத்து.

யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளின்) வழிவந்த லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணியே நேரத்தைக் கணக்கிடுகின்றன. பழைய நிரல்கள் இந்த எண்ணிக்கைக்கு 32 பிட் (0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள்) இடமே ஒதுக்கியிருப்பதால், 2147483647 என்ற எண்ணுக்கு மேல் அதில் கொள்ளாது. நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியில் அது நிரம்பும். அடுத்த நொடியில் எண்ணிக்கை குறை எண்ணாகி (மைனஸ்), 1970-க்கு முன்னால் போய்விடுவதால் கணினி 1901 டிசம்பரைக் காட்டும்.

ஆனால் சிக்கல் அதுவரை காத்திருக்காது. தஞ்சாவூரில் இன்று ஒருவர் இருபது ஆண்டுத் தவணையில் வீட்டுக் கடன் வாங்கினால், கடைசித் தவணைத் தேதி 2038-ஐத் தாண்டிவிடுகிறது. பரவலாகப் பயன்படும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் தேதியையும் நேரத்தையும் சேமிக்கும் டைம்ஸ்டாம்ப் புலத்தில் அந்தத் தேதிக்கு இடமில்லை.

64 பிட்டுக்கு மாறுவதுதான் தீர்வு. யூனிக்ஸ் வழிவந்த ஓபன்பிஎஸ்டி இயங்குதளம் 2014-இலேயே மாறியது. 32 பிட் கணினிகளுக்கான லினக்ஸின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 2020-இல் வந்த 5.6 பதிப்பில் இதற்குத் தயாரானது. எனினும் கெர்னல் மாறினால் மட்டும் போதாது. அதன்மேல் இயங்கும் நிரல்களும், வட்டில் ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகளும், ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத சிறு கருவிகளும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட வேண்டும். பிறர் எழுதிய பழைய நிரலைப் பொறுமையாகப் படித்து, நேரம் எங்கெங்கே சேமிக்கப்படுகிறது என்று கண்டறியும் இந்தத் திறமைக்குத்தான் 2038-க்குப் பிறகும் தேவை இருக்கும்.

இதற்கென்றே தனிப் பதவி இருக்கும் என்று நம்பி அவர் படிக்கக் கூடாது. உட்பொதி கருவிகள் (உள்ளே சிறு கணினி பொருத்தப்பட்ட சாதனங்கள்), தரவுத்தளம், இயங்குதளம் ஆகிய வேலைகளுக்குத் தயாராகும் வழியாகவே இதைக் கொள்ள வேண்டும். சி மொழியில் உறுதியான பயிற்சி பெறட்டும். 5.6-க்கு முந்தைய 32 பிட் லினக்ஸை மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினியில்) நிறுவி, கடிகாரத்தை அந்த நாளின் காலை 8.43-க்கு வைத்து, எந்தெந்த நிரல்கள் தடுமாறுகின்றன என்று குறித்துக்கொள்ளட்டும். நேர்முகத் தேர்வில் அந்தக் குறிப்பேடு சான்றிதழைவிட நன்றாகப் பேசும்.

இதற்கு வேண்டிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே குறுவைச் சாகுபடிக்கு வைத்திருக்கும் பணத்தை எடுத்துப் பயிற்சி நிறுவனத்தில் கட்டிவிட வேண்டாம்.