பனியே பார்க்காத 8 பேர், டிசம்பர் முதல் வாரம் உத்தரகாண்ட்ல இருக்கிற கேதார்கந்தா மலைக்கு ட்ரெக் போகலாமா?

போகலாம் ப்ரோ. ஆனா "சீசன் ஆரம்பம் தானே, பனி கம்மியா இருக்கும், புதுசா வர்றவங்களுக்கு ஈஸி"னு கேள்விக்கு கீழ போட்ருக்கீங்க பாருங்க, அதான் இடிக்குது. இதே கதைய எங்க சித்தப்பா பையன் சொல்லித்தான் அவன் ஆபீஸ் பசங்களோட நானும் கெளம்பினேன். அந்த க்ரூப்ல பாதி பேர் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்து பேசுறதில்ல.

எல்லாம் கோயம்புத்தூர் பசங்க, வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறினவங்க, ஸ்டாமினால குறையே சொல்ல முடியாது. டேராடூன்லேர்ந்து நாள் முழுக்க வண்டில குலுங்கி, ட்ரெக் ஆரம்பிக்கிற சாங்க்ரி போய் இறங்கினா அந்த ஊரே 6,400 அடி. உச்சி 12,500 அடி, நம்ம தொட்டபெட்டாவ விட ஒரு கிலோமீட்டருக்கு மேல உசரம். வழில இருக்கிற ஜூடா கா தாலாப் ஏரி வரைக்கும் காஞ்ச தரை, வழில மேகி கடை, ஒரே கும்மாளம். பேஸ் கேம்ப் போய் சேர்ந்த அன்னிக்கு சாயங்காலம் தான் பனி கொட்ட ஆரம்பிச்சுது.

விஷயமே இங்க தான் இருக்கு. ஜனவரில பனி நெறைய இருக்கும், ஆனா முன்னாடி போன கும்பல் மிதிச்சு மிதிச்சு தடம் இறுகி கெடக்கும், ஷூவுக்கு அடில இரும்புப் பல்லு வச்ச ஸ்பைக் மாட்டினா நல்லா புடிச்சுக்கும். ஆரம்பத்துல விழுற புதுப்பனி அரிசி மாவு மாதிரி, கால வச்சா முழங்கால் வரைக்கும் இறங்கும், கீழ கல்லா பள்ளமானு தெரியாது, பகல்ல உருகி ராத்திரி இறுகின ஐஸ் வேற அடில ஒளிஞ்சிருக்கும்.

விடியக்காலம் 3 மணிக்கு கெளம்பினோம். ஷூ மேல இழுத்து மாட்டுற ரப்பர், அடில சங்கிலியும் இரும்புப் பல்லும், மைக்ரோஸ்பைக் அவ்ளோ தான். அத ரூம்லயே ஒரு தடவ மாட்டி பாருங்கடானு சொன்னா யாரும் கேக்கல. இருட்டுல க்ளவுஸ கழட்டிட்டு மாட்டுறாங்க, கொஞ்ச நேரத்துல விரல் மரத்துப்போய் ரப்பர இழுக்கவே முடியல, ஒரு பொண்ணுக்கு முன்னால பின்னால மாறிப்போய் வழியெல்லாம் கழண்டுட்டே வந்துச்சு. பாதி பேர் உள்ள காட்டன் பனியன், ஏறும்போது வேர்த்து ஊறுது, நின்னா உடம்புல ஜில்லுனு ஒட்டிக்குது. விடியறப்ப நாங்க இருக்க வேண்டிய எடத்துக்கு பக்கத்துல கூட இல்ல. அந்தப் பக்கம் ஸ்வர்காரோகிணி சிகரம் மேல வெயில் விழுது, எல்லாரும் போன எடுத்துட்டாங்க, கைடு மட்டும் மலைய பார்க்காம எங்க கால பார்த்துட்டு இருந்தார். கடைசி ஏத்தத்துக்கு கீழ நிறுத்தி, போதும் திரும்பலாம்னுட்டார். ஏறிடுவீங்க, ஆனா அதுக்குள்ள வெயில் ஏறி சரிவெல்லாம் இளகிடும், இவங்கள என்னால இறக்க முடியாதுன்னார்.

உச்சி கண்ணு முன்னாடி தெரியுது. "பணம் கட்டி இவ்ளோ தூரம் வந்துட்டு"னு ஒருத்தன் கத்த ஆரம்பிச்சான், நான் கைடு பக்கம் நின்னேன், அதான் நான் பண்ண பாவம். இறங்கறப்ப குதிகால குத்தி இறங்கணும், இவங்க பயத்துல பின்னால சாயறாங்க, சாஞ்சா சறுக்கும். கத்தினவன் தான் முதல்ல போனான், கைடு குறுக்க பாஞ்சு புடிச்சார், பேன்ட் கிழிஞ்சதோட தப்பிச்சான். அதே ஆளு கீழ வந்து மேகி சாப்ட்டுட்டு "இவனால தான் சம்மிட் போச்சு"ங்கிறான்!

"நாங்க சாதா ஷூவுலயே ஏறினோம்"னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். ஏறியிருப்பீங்க, அன்னிக்கு வானம் நல்லா இருந்திருக்கும். நான் ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்ல. 2014 அக்டோபர்ல விசாகப்பட்டினத்துல கரை ஏறின ஹுட்ஹுட் புயல் ரெண்டே நாள்ல நேபாளத்துல தொராங் லா கணவாய் பக்கம் பனியா கொட்டி 40 பேருக்கு மேல செத்தாங்க, அது ட்ரெக்கிங்குக்கு நல்ல மாசம்னு எல்லாரும் சொல்ற மாசம். அதனால வங்காள விரிகுடால ஏதாச்சும் சுத்திட்டு இருக்கானும் பார்த்துட்டு கெளம்புங்க.

உங்க 8 பேருக்கு எத்தன கைடுனு ஏஜென்சிகிட்ட முதல்லயே கேளுங்க. எத்தன மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும்னு சாங்க்ரிலயே எல்லார் முன்னாடியும் பேசிடுங்க, மேல போய் பேசினா சண்ட தான். தண்ணி பாட்டில தலைகீழா வைங்க, மூடி உறையாது. தலைவலியோட வாந்தியும் வந்தா மாத்திரைய போட்டு படுக்காம கீழ இறங்கிடணும்.

ஜாக்கெட் சாங்க்ரிலயே வாடகைக்கு கெடைக்கும், தயவுசெஞ்சு யார்கிட்டயும் இரவல் வாங்காதீங்க. என்னோட டவுன் ஜாக்கெட்ட வாங்கிட்டு போன அதே சித்தப்பா பையன் இன்னும் திருப்பி தரல, போன மாசம் அவன் மச்சான் ஊட்டில அத போட்டுட்டு நிக்கிற போட்டோவ ஸ்டேட்டஸ்ல பார்த்தேன், கேட்டா "ஓ, அது உன்னுதாண்ணா?"ங்கிறான்.