பெப்ளம் டாப்: இடுப்பு அளவைச் சொல்லாமல் கேட்டால் எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பெப்ளம் டாப் பற்றித்தான், அதாவது இடுப்புத் தையலிலிருந்து விரிந்து விழும் துணி (அதுதான் பெப்ளம்) வைத்த டாப். எடையை எழுதியிருக்கிறார்கள், உயரத்தை எழுதியிருக்கிறார்கள், ஒருவர் செருப்பு சைஸ் வரைக்கும் எழுதியிருக்கிறார், இடுப்பு அளவை மட்டும் காணோம். எடையை வைத்து எந்த டாப்பையும் தேர்ந்தெடுக்க முடியாது. அடுத்த முறை இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

கே: உயரம் 5 அடிதான். பெப்ளம் போட்டால் இன்னும் குட்டையாகத் தெரிகிறேன். எனக்கு இது ஒத்துவராதா?

ஒத்துவரும். உங்களுக்கு இடிப்பது பெப்ளத்தின் நீளம். ரெடிமேட் டாப்பில் இடுப்புத் தையலுக்குக் கீழே 8 இஞ்ச் வரை கூட விட்டிருப்பார்கள், உயரமானவர்களுக்கு அது சரி. உங்களுக்கு 5, மிஞ்சிப் போனால் 6. சீட்டின், அதாவது பின்பக்கத்தின், அகலமான இடம் இடுப்பிலிருந்து ஏறக்குறைய 7, 8 இஞ்ச் கீழே வரும், ஓரம் அதற்கு மேலேயே நின்றுவிட வேண்டும். ஓரத்தைக் குறைப்பது சின்ன வேலைதான். பேன்ட் ஹை வெயிஸ்ட்டாக, டாப்பின் நிறத்துக்குப் பக்கத்து நிறமாக இருந்தால் இன்னும் நல்லது.

கே: டக் இன் செய்யலாமா?

வேண்டாம். உள்ளே செருகுவதற்கா அத்தனை துணியைச் சுற்றித் தைத்திருக்கிறார்கள்?

கே: தொப்பையை மறைக்கத்தான் பெப்ளம் என்றார்கள். பாதுகாப்பாக ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன். கண்ணாடியில் பார்த்தால் மாசமாக இருப்பது போலத் தெரிகிறது. என்ன தப்பு?

அந்த 'ஒரு சைஸ் பெரிதாக'தான் தப்பு. எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் யார் காதிலும் ஏறுவதில்லை. தொளதொள டாப்பில் ஒரு சைஸ் கூடினால் ஒன்றும் கெட்டுவிடாது. பெப்ளம் அப்படிப்பட்ட டாப் இல்லை. மேல் பாதி உடம்போடு ஒட்டி வந்து, இடுப்பில் ஒரு தையலில் நின்று, அங்கிருந்து விரிய வேண்டும். மேலே ஒட்டினால்தான் கீழே விரிவது தெரியும். ஒரு சைஸ் ஏறினால் சுற்றளவு சுமார் 2 இஞ்ச் கூடும், தோளும் உயரமும் கூடுவதால் தையலும் அரை இஞ்சாவது கீழே இறங்கும். அதாவது தையல் உங்கள் இடுப்பை விட்டுவிட்டு நேராகத் தொப்பையின் மேல் போய் உட்காரும். விரிவு அங்கே தொடங்கினால் வயிறு முன்னால் வராமல் என்ன செய்யும்? ஒளிக்க நினைத்த இடத்தைச் சுற்றி நீங்களே கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள்.

முதலில் இடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பேன்ட் பட்டன் போடும் இடத்தை இடுப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம். ஒரு எலாஸ்டிக்கை வயிற்றைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு, வலது இடது என்று நாலு முறை சாய்ந்து நிமிருங்கள், அது தானாகப் போய் நிற்கும் இடம்தான் உங்கள் இடுப்பு. பெரும்பாலானவர்களுக்குத் தொப்புளுக்கு ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச் மேலே இருக்கும். டாப்பின் தையல் அங்கே அல்லது அதற்கு அரை இஞ்ச் மேலே வர வேண்டும், ஒருபோதும் கீழே வரக் கூடாது. நீட்சி இல்லாத துணியானால் உடம்பு அளவை விட 1 முதல் 2 இஞ்ச் தளர்வு போதும்.

தொப்பையிலும் இரண்டு வகை உண்டு, அதையும் எழுதாமல் கேட்கிறீர்கள். அடிவயிறு மட்டும் என்றால் பெப்ளத்தை விட நல்ல டாப் கிடையாது, தையலுக்குக் கீழே அதுபாட்டுக்கு மறைந்துவிடும். மார்புக்குக் கீழிருந்தே வயிறு தொடங்குகிறது என்றால் தையலை ஒரு இஞ்ச் ஏற்றி, முன்பக்கம் சுருக்கமே இல்லாமல் சப்பையாக விட்டு, விரிவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் வைக்கச் சொல்லுங்கள், கழுத்து 'வி' வடிவில் இருக்கட்டும். இரண்டு வகைக்கும் கனமாக விழும் துணி வேண்டும், க்ரேப் அல்லது கொஞ்சம் கெட்டியான நிட். மெல்லிய லைக்ரா வயிற்றை அப்படியே படம் பிடித்துக் காட்டும், விறைப்பான ஸ்கூபா துணியோ வயிற்றுக்கு முன்னால் ஒரு பலகையை நீட்டினது போல நிற்கும்.

வாங்கும் முன் இரண்டு சோதனை. கையை மேலே தூக்கி இறக்குங்கள், தையல் ஏறிவிட்டுத் தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும், விலாவிலேயே மாட்டிக்கொண்டால் மேல் பாதி இறுக்கம். அப்புறம் உட்கார்ந்து பாருங்கள். நின்று மட்டும் கண்ணாடி பார்த்துவிட்டு வாங்காதீர்கள்.

வாங்கின டாப்பைத் தூக்கிப் போட வேண்டாம். பெப்ளத்தைப் பிரித்து, மேல் பாதியின் பக்கத் தையல்களைப் பிடித்து, உயரத்தைக் குறைத்து, மறுபடி ஏற்றித் தைக்கலாம். தோளில் பிடித்துத் தூக்கிவிடலாம் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள், கழுத்தும் கைக்குழியும் கெட்டுப்போகும்.

கே: எனக்கு எந்த பெப்ளம் நன்றாக இருக்கும்?

இவ்வளவுதான் மொத்தக் கேள்வியும். நீங்கள் யார், எப்படி இருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மேலே உள்ள எலாஸ்டிக் வேலையை முடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: இடுப்பு 29, சீட் 41. கீழ்ப்பக்கம் கனம். பெப்ளம் இன்னும் அகலமாகக் காட்டாதா?

அளவோடு எழுதினதற்கு நன்றி. சுருக்கம் வைத்த பெப்ளம் காட்டும், துணியை வட்டமாக வெட்டித் தைக்கும் அம்ப்ரல்லா கட் காட்டாது. சுருக்கம் வைத்தால் தையலிலேயே துணி குவிந்து, விரிவு இடுப்பிலேயே தொடங்கிவிடும். அம்ப்ரல்லா கட்டில் தையல் வழுவழுப்பாக இருக்கும், கீழே போகப் போகத்தான் அலை வரும். அதிலும் அரை வட்டம் போதும், முழு வட்டம் வேண்டாம். ஓரம் சீட்டின் அகலமான இடத்தில் முடியக் கூடாது, ஒன்று மேலே, இல்லை அதைத் தாண்டி 2 இஞ்ச் கீழே. கீழே அடர் நிற நேர் கட் பேன்ட்.

கே: ஒல்லி. மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்கோடு. வளைவு கிடைக்குமா?

கிடைக்கும். மற்றவர்களுக்கு வேண்டாம் என்று சொல்வதெல்லாம் உங்களுக்கு வேண்டும்: சுருக்கம், பெட்டி மடிப்பு, முழு வட்டம், பாப்ளின், டாஃபெட்டா. ஆனால் பஃப் கையும் சேர்த்துப் போடாதீர்கள், இரண்டில் ஒன்று.

கே: மார்பு அளவுக்கு எடுத்தால் இடுப்பு தொளதொள, இடுப்புக்கு எடுத்தால் மார்பு இறுக்கம். முன்பக்கம் தையல் வேறு தூக்கிக்கொள்கிறது.

எப்போதும் மார்புக்கு எடுங்கள், இடுப்பைப் பிடிக்கலாம், மார்பில் இல்லாத துணியைக் கொண்டுவர முடியாது. பிடிக்கும்போது ஒரு விஷயம்: மேல் பாதியை மட்டும் பிடித்துவிட்டுப் பெப்ளத்தை அப்படியே விட்டால், மிஞ்சின துணி பக்கத்தில் கொசுவிக்கொண்டு நிற்கும், பக்கத் தையலைக் கைக்குழியிலிருந்து கீழ் ஓரம் வரை ஒரே ஓட்டமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் தூக்குவது மார்பின் மேலேறிப் போகத் துணி போதாததால். தைக்கக் கொடுப்பதானால் பிரின்சஸ் கட்டில் (மார்பின் மேலாக இடுப்பு வரை நெடுக்காக ஓடும் தையல்), முன் உயரத்தைப் பின் உயரத்தை விட அதிகமாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ரெடிமேடில் முன்பக்கம் அரை இஞ்ச் தூக்கினால் பரவாயில்லை, ஒரு இஞ்ச் தூக்கினால் வாங்காதீர்கள்.

கே: நானே தைத்தேன். அம்ப்ரல்லா கட் பெப்ளத்தின் வாய் அளவு (மேல் பாதியோடு சேரும் உள் ஓரம்) கொஞ்சம் சின்னதாக இருந்தது, உள்ளே அரை இஞ்ச் வெட்டினேன், இப்போது மேல் பாதியை விட மிகப் பெரிதாகிவிட்டது. எப்படி?

வட்டத்தின் கணக்கு அப்படி. முழு வட்டத்தில் உள் ஓரத்தில் அரை இஞ்ச் வெட்டினால் வாய் 3 இஞ்ச் பெரிதாகும், கால் இஞ்சுக்கே ஒன்றரை. அரை வட்டத்தில் இதில் பாதி. அதனால் வெட்டுவதற்கு முன் கணக்குப் போடுங்கள்: தையல் இடத்தில் டாப்பின் சுற்றளவு 32 என்றால் முழு வட்டத்துக்கு ஆரம் 5 இஞ்ச் சுமார், அரை வட்டத்துக்கு 10. அந்த ஆரத்திலிருந்து தையலுக்கு உள்ள துணியை உள்பக்கமாக விட்டுத்தான் வெட்ட வேண்டும், பலரும் சறுக்குவது இங்கேதான். வாய் கொஞ்சம் சின்னதாக வந்தாலும் கத்திரியை எடுக்காதீர்கள், தையல் பிடிப்பு வரைக்கும் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்தாலே திறந்துகொள்ளும். கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, விழும் இடங்கள் இழுபடாமல் இருக்க, வெட்டின கையோடு வாயைச் சுற்றி ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே வெட்டினதற்கு வழி: மிஞ்சினதைப் பக்கத் தையலில் பிடியுங்கள், இல்லையென்றால் பின்னால் இரண்டு மடிப்பாக வையுங்கள். நன்றாகவே இருக்கும்.

கே: தைத்து முடித்தபோது ஓரம் சமமாக இருந்தது. நாலு நாளில் இரண்டு பக்கமும் காது போலத் தொங்குகிறது. டெய்லர் தப்பா?

துணி கிராஸில் வரும் இடங்கள் தன் எடையிலேயே இறங்கும், ஜார்ஜெட்டும் க்ரேப்பும் ரொம்பவே இறங்கும். ஓரம் மடிக்கும் முன் டாப்பை ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, அப்புறம் சமமாக வெட்டித் தைக்க வேண்டும். அவசரப்படுத்தினது நீங்களா அவரா என்று எனக்குத் தெரியாது. இப்போது ஓரத்தைப் பிரித்து, சமமாக்கி, மெல்லிசாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், வளைந்த ஓரத்தில் அகல மடிப்பு சுருண்டுகொள்ளும். இஸ்திரி போடும்போது வளைவோடு தேய்த்து இழுக்காதீர்கள், வைத்து அழுத்தி எடுங்கள்.

கே: கோடு போட்ட துணி பிடித்திருக்கிறது.

மேலே நேராக வரும் கோடு அம்ப்ரல்லா கட் பெப்ளத்தில் பக்கத்துக்குப் போகப் போகச் சாய்ந்துவிடும். மெல்லிய கோடானால் அழகு, பட்டைக் கோடானால் தலைசுற்றும். கட்டம் வேண்டுமானால் மடிப்பு வைத்த பெப்ளம் எடுங்கள்.

கே: பெல்ட்?

தையலின் மேலேயே, ஒரு இஞ்சுக்குள். அகல பெல்ட் விரிவின் தொடக்கத்தை நசுக்கிவிடும்.

கே: ஆபீசுக்கு மேலே பிளேசர் போடலாமா?

இடுப்போடு முடியும் குட்டை ஜாக்கெட் என்றால் போடலாம். தொடை வரை வரும் நீளக் கோட்டும் சரி, பட்டன் போடாமல். சீட்டில் முடியும் சாதாரண பிளேசர்தான் ஆகாது, உள்ளே பெப்ளம் நசுங்கி, பக்கவாட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். குறுக்கே மாட்டும் பையும் அப்படித்தான், நாள் முழுக்க ஒரு பக்கம் அமுங்கியே இருக்கும், கையில் பிடியுங்கள்.

கே: கீழே பலாசோ, சுருக்கம் வைத்த ஸ்கர்ட் எல்லாம் போடலாமா?

சுருக்கம் வைத்த ஸ்கர்ட் கூடவே கூடாது. பலாசோ போட்டே ஆக வேண்டும் என்றால் பெப்ளம் 5 இஞ்சுக்குள் இருக்கட்டும், பலாசோவின் இடுப்பில் சுருக்கமோ முடிச்சோ இல்லாமல் சப்பையாக இருக்கட்டும். மற்றபடி பென்சில் ஸ்கர்ட், சிகரெட் பேன்ட், நேர் கட் ஜீன்ஸ்.

கே: பெப்ளம் ஃபேஷன் போய்விட்டது என்கிறாள் தங்கை.

போகும், வரும். 1940-களில் இருந்தது, 1947-இல் கிறிஸ்தியான் டியோர் காட்டிய பார் ஜாக்கெட்டே இறுக்கின இடுப்பும் அதன் கீழே விரிந்த துணியும்தான், 80-களில் திரும்ப வந்தது, 2012 வாக்கில் மறுபடி எங்கே பார்த்தாலும் அதுதான். தையல் சரியான இடத்தில் இருக்கிற டாப்பைப் போடுங்கள், தங்கைக்கும் அளவு எடுத்து அனுப்புங்கள். இடுப்பு அளவு, பேன்ட் சைஸ் இல்லை.