பாட்டிலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்: கேள்வி-பதில்

போன இதழில், நம் க்வாசூலு-நேட்டாலில் நாட்டிங்ஹாம் ரோடு என்ற ஊர்ப் பக்கத்துச் சிறிய ப்ரூவரிகளை, அதாவது கிராஃப்ட் பீர் காய்ச்சுகிற சின்ன ஆலைகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி பீரைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வாஷிங் மெஷின் வழக்குகள் அடுத்த இதழில். பதினெட்டு வயது நிறையாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகவும்.

நாட்டிங்ஹாம் ரோடு ப்ரூவரிதான் தென்னாப்பிரிக்காவின் முதல் கிராஃப்ட் ப்ரூவரி என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அங்கே போனால் எதை வாங்கலாம்?
*வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

இல்லை. லெக்ஸ் மிட்செல் என்பவர் 1983இல் நைஸ்னாவில் தொடங்கிய மிட்செல்ஸ்தான் முதலாவது. பெரிய கம்பெனியில் பீர் காய்ச்சிப் பழகியவர், வெளியே வந்து சின்ன அளவில் ஆரம்பித்தார். அவருடைய ஃபாரெஸ்டர்ஸ் லாகரும் போசன்ஸ் பிட்டரும் வந்தபோது, வடிகட்டாத, சூடுபடுத்தாத பீர் என்று ஒன்று கடையில் கிடைக்கும் என்பதே இங்கே பலருக்குப் புதுசு. நாட்டிங்ஹாம் ரோடு ப்ரூவரி 1996இல்தான் வந்தது, ராடன்ஸ் ஹோட்டல் வளாகத்தில். நம் மாகாணத்துச் சிறிய ப்ரூவரிகளில் மூத்தது என்று சொன்னால் ஒத்துக்கொள்ளலாம்.

அவர்களுடைய பீர்களுக்கெல்லாம் பிராணிகளின் பெயர். விசிலிங் வீசல் பேல் ஏல், பிக்கிள்ட் பிக் போர்ட்டர், டிட்லி டோட் லாகர், பை-ஐட் போசம் பில்ஸ்னர். லாகர், அதாவது கடையில் வழக்கமாகக் கிடைக்கும் இளமஞ்சள் பீர் குடித்தே பழகியவர் டோடில் தொடங்கட்டும். பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு பிடிக்கும் என்றால் பில்ஸ்னர். போர்ட்டர் என்பது வறுத்த மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியத்தில்) காய்ச்சும் கறுப்பு பீர். காப்பியும் கறுப்புச் சாக்லேட்டும் கலந்த ஒரு வாசம் வரும். காரமான ஆட்டுக்கறிக் குழம்புக்கு லாகரைவிட இது நன்றாகச் சேரும் என்பது என் கட்சி. முதல் தடவையே பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். சின்னக் கிளாஸ்களில் ருசி பார்த்துவிட்டு, பிடித்ததில் ஆறு பாட்டில் போதும். வண்டி ஓட்டுகிறவர் ருசி பார்க்கும் வேலையையும் மற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று. மைத்துனரிடம் உங்கள் சொந்த ஊர்க் கதையையும் சொல்லுங்கள். ஃபிரெடரிக் மீட் என்ற இருபது வயதுப் பையன் 1889இல் டர்பனில் கப்பலை விட்டு இறங்கி, உங்கள் ஊர் ஃபோர்ட் நேப்பியர் ராணுவ கேண்டீனில் வேலைக்குச் சேர்ந்தான். ஜார்ஜ் ரா என்ற உள்ளூர் வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து நேட்டல் ப்ரூவரி சிண்டிகேட்டைத் தொடங்கினான். இரண்டு பேருக்கும் பீர் காய்ச்சத் தெரியாது. 1891இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் முதல் பீர் வந்தது. அடுத்த வருஷமே மீட் ஜோஹனஸ்பர்க்கின் காசில் ப்ரூவரியை வாங்கினார். அதிலிருந்துதான் 1895இல் தென்னாப்பிரிக்கன் ப்ரூவரீஸ் பிறந்தது. 2016இல் அதை ஏபி இன்பெவ் வாங்கியது. உலகத்தின் மிகப்பெரிய பீர் கம்பெனிகளில் ஒன்று உங்கள் ஊரில் தவழ்ந்திருக்கிறது.

வாங்கிய ஏல் வகை பீரில் அடியில் கலங்கலாக ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுப்போனதா?
*வாசகர், ஃபீனிக்ஸ்*

பெரும்பாலும் ஈஸ்ட். பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடும் பீரில் அது இருக்கத்தான் செய்யும். சோங்வேனியில் காய்ச்சி வந்த ராப்சன்ஸ் டர்பன் பேல் ஏல் அப்படிப்பட்டது. பாட்டிலை நிமிர்த்தி வைத்துக் குளிரவிட்டு, மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரல்கடையை விட்டுவிடுங்கள். புளித்த காடி வாசமோ, திறந்ததும் பீறிட்டு அடிப்பதோ இருந்தால்தான் கோளாறு.

டொங்காட்டில் ஒரு பாட்டில் ஸ்டோரில் பாதி விலைக்கு இரண்டு கேஸ் கிராஃப்ட் பீர் வாங்கினேன். பேரனின் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். ஈர அட்டைப்பெட்டி வாசம். பிறகு பார்த்தால் தேதி முடிந்து பல மாதம். கடைக்காரர், "சேல் சாமான் திருப்பி எடுக்க மாட்டோம், போர்டு போட்டிருக்கிறது" என்கிறார்.
*வாசகர், டொங்காட்*

ஐயா, அந்தப் போர்டுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: தரமில்லாத பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்வதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல. சேல் என்பதால் அந்த உரிமை போய்விடாது. "இது தேதி முடிந்தது, அதனால்தான் பாதி விலை" என்று உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் சரி என்று வாங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. திறக்காத பாட்டில்களையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள். மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் நுகர்வோர் பொருள்கள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். அங்கே உங்களுக்குச் செலவு கிடையாது.

இந்த விஷயம் எனக்கு வெகுநாள் ஆத்திரம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். சிறிய ப்ரூவரியின் பீர், பாலைப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டிய சரக்கு. பெரிய கம்பெனிகளின் லாகரை வடிகட்டி, சூடுபடுத்தி அடைக்கிறார்கள். அது கொஞ்சம் அலட்சியத்தைத் தாங்கும். கிராஃப்ட் பீரில் பல வகைகளுக்கு அந்த இரண்டும் செய்வதில்லை. அதை டர்பன் ஜனவரி வெயிலில், ஏசி இல்லாத கடையில், கண்ணாடி ஜன்னல் ஓரம் அடுக்கி வைக்கிறார்கள். சூடு ஏறினால் பாட்டிலுக்குள் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜன் சீக்கிரம் வேலை செய்கிறது. உங்கள் விருந்தாளிகள் முகர்ந்த அட்டை வாசம் அதுதான். வெளிச்சம் பட்டால் அது வேறு நாசம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து, ஒரு கந்தகச் சேர்மமாகி நாற்றமடிக்கும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கடை வெளிச்சத்தில் நின்ற பச்சை பாட்டிலுக்கும் உள்ளே ஃபிரிட்ஜில் இருந்த பழுப்பு பாட்டிலுக்கும் எப்படி ஒரே விலை கேட்கிறார்கள்?

காய்ச்சுகிறவர் வாரக்கணக்கில் பாடுபடுகிறார். கடைக்காரர் பத்து நாள் வெயிலில் வைத்துக் கெடுக்கிறார். குடிப்பவரோ, "இந்த ப்ரூவரி சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார். 2020 மார்ச் 27 முதல் அடுத்த வருஷம் வரை திரும்பத் திரும்ப வந்த மதுத் தடையில் எத்தனையோ சின்ன ப்ரூவரிகள் மூடிப்போயின. தப்பிப் பிழைத்தவர்களின் பெயரைக் கடை அலமாரி கெடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தேதி பாட்டிலின் கழுத்திலோ பின் லேபிளிலோ கேனின் அடியிலோ இருக்கும். இரண்டு கேஸ் வாங்குகிறபோது ஒன்றையாவது திருப்பிப் பார்த்திருக்கலாமே, ஐயா.

ஆன்லைனில் வாங்கிய ஐபிஏ ஒரே கசப்பு. ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதாமே?
*வாசகர், உம்ஹ்லாங்கா*

வீட்டுக்கு வந்து சேரும் அன்றாட உணவுக்கும் பானத்துக்கும் அந்த ஏழு நாள் கிடையாது. ஐபிஏ என்பது ஹாப்ஸ் நிறையப் போட்ட ஏல், கசக்கத்தான் செய்யும்.

என் கணவர் இறந்து நான்கு மாதம். போன வியாழக்கிழமை ஓர் ஆள் வீட்டுக்கே வந்து, "உங்கள் மகன் வீட்டிலேயே பீர் காய்ச்சி அக்கம்பக்கத்தில் விற்கலாம், மாதச் செலவு வந்துவிடும்" என்று ஒரு பெட்டியைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான். 3,800 ரேண்ட். மகனோ இதெல்லாம் வேண்டாம் என்கிறான். போன் செய்தால் எடுப்பதில்லை. பெட்டியைப் பிரிக்கவில்லை.
*வாசகி, சாட்ஸ்வர்த்*

அக்கா, முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். துக்க வீடு என்று தெரிந்தே வந்திருக்கிறான். வெட்கப்பட வேண்டியவன் அவன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. வீடு தேடி வந்து விற்றதை, பொருள் கைக்கு வந்ததிலிருந்து ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். காரணமே சொல்ல வேண்டியதில்லை. சனி, ஞாயிறு கணக்கில் வராது. போனில் சொன்னால் போதாது. "நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி இந்த வாங்கலை ரத்து செய்கிறேன்" என்று தேதியோடு எழுதி, ரசீதில் இருக்கும் மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். அனுப்பியதைப் படம் எடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் வைத்தது மிக நல்லது. பத்து வேலை நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள். அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது, கூரியர் சீட்டை விடாதீர்கள். பெட்டி போய்ச் சேர்ந்து பதினைந்து வேலை நாளுக்குள் பணம் வர வேண்டும்.

இந்த உரிமை உங்களுக்கு உண்டு என்று விற்கும்போதே அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவன் செய்த இரண்டாவது தப்பு. லைசென்ஸ் இல்லாமல் பீர் விற்றால் குற்றம் என்பதை மறைத்தது மூன்றாவது. புகாரில் மூன்றையும் எழுதுங்கள். பணம் வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள். இதை நான் விடமாட்டேன்.

ப்ரூவரி டூருக்கான பரிசு வவுச்சர். "மூன்று மாதம் மட்டும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். நாலாவது மாதம் போனால் செல்லாது என்கிறார்கள்.
*வாசகி, வெருலம்*

செல்லும். காசு கொடுத்து வாங்கிய வவுச்சருக்கு மூன்று வருஷம் உயிர் உண்டு. அதே சட்டம், 63ஆம் பிரிவு. எனக்கும் இது நடந்தது. ஆறு பாட்டிலும் ஒரு டூரும் சேர்ந்த பரிசுப் பெட்டி வாங்கினேன். பாட்டில்களில் இரண்டு வழியிலேயே கசிந்து காலியாக இருந்தன. வவுச்சரையும் நிராகரித்தார்கள். சட்டப் பிரிவை அச்செடுத்துக் கவுண்டரில் வைத்த பிறகுதான் மேனேஜர் வெளியே வந்தார். நீங்களும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

கிராஃப்ட் பீர் என்று நினைத்து இத்தனை நாளாக வாங்கியது பெரிய கம்பெனியுடையதாம். இது மோசடி இல்லையா?
*வாசகர், இசிப்பிங்கோ*

கிராஃப்ட் என்ற சொல்லுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் வரையறை இல்லை, தம்பி. சின்னதாகத் தொடங்கியதைப் பெரியவர்கள் வாங்குவதும் சகஜம். சொவெட்டோ கோல்ட் பீரை ஹைனகன் கம்பெனி வாங்கவில்லையா? அது மோசடி ஆகாது. பொய்யான ஊர்ப் பெயரோ, இல்லாத ப்ரூவரியின் படமோ லேபிளில் இருந்தால் அது 41ஆம் பிரிவில் வரும். இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் பின் லேபிளைப் படிக்கவில்லை என்கிறீர்கள், அதற்கு நான் என்ன செய்ய? எங்கே காய்ச்சியது, யார் காய்ச்சியது என்ற இரண்டு வரியைத் தேடுங்கள். ப்ரூவரியின் விலாசம் இல்லாமல் விற்பனைக் கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தால், வேறெங்கோ கூலிக்குக் காய்ச்சி வந்திருக்கலாம். அதிலும் நல்ல பீர் உண்டு, ஆனால் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

டூரில் ஒரு வழிகாட்டி, நேட்டாலுக்குப் பீரைக் கொண்டுவந்ததே வெள்ளைக்காரர்தான் என்றார். என்னோடு வந்த சூலுத் தோழிக்கு முகம் வாடிவிட்டது.
*வாசகி, மெரிபேங்க்*

வாடாமல் என்ன செய்யும்? வெள்ளைக்காரர் கொண்டுவந்தது பார்லியும் ஹாப்ஸும் போட்ட பீர். அதற்கு முன்பே இங்கே சூலுப் பெண்கள் சோளத்தில் உட்ஷ்வாலா காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். 1908இல் நேட்டால் அரசு போட்ட ஒரு சட்டத்தைக் கொண்டு, டர்பன் நகராட்சி அந்தச் சோள பீரைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பெண்கள் காய்ச்சினால் குற்றம், நகராட்சி காய்ச்சித் தன் பீர் ஹாலில் விற்றால் வருமானம். 1929இல் பீர் ஹால்களைப் புறக்கணித்துப் போராட்டம் நடந்தது. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனரில் பெண்கள் கம்போடு பீர் ஹாலுக்குள்ளேயே புகுந்தார்கள். நம் தாத்தா பாட்டிகளில் பலர் அதே கேட்டோ மேனரில் குடியிருந்தவர்கள், அவர்களுக்கு இது தெரியும். காசு வாங்கிக்கொண்டு வரலாறு சொல்கிற ப்ரூவரி இதை விட்டுவிடக் கூடாது. உங்கள் தோழியின் பெயரையும் சேர்த்து நிர்வாகத்துக்கு எழுதுங்கள்.

நாங்கள் சைவம். பீரில் மீன் சேர்க்கிறார்கள் என்கிறார்களே?
*வாசகர், ஸ்டாங்கர்*

சில ஏல்களைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைப் பயன்படுத்துவதுண்டு. லேபிளில் பெரும்பாலும் இருக்காது. சிறிய ப்ரூவரியில் ஒரு வசதி, காய்ச்சுகிறவரிடமே கேட்டுவிடலாம். மில்க் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் என்றால் பால் சர்க்கரை பற்றியும் கேளுங்கள். புரட்டாசி விரதத்தில் எந்த பீரும் வேண்டாம்.

அலமாரியில் ஒரு விலை, பில்லில் அதைவிட அதிகம். வாட் தனி என்றார்கள்.
*வாசகர், சாட்ஸ்வர்த்*

போட்டிருக்கும் விலையில் பதினைந்து சதவீத வாட் அடக்கம். இரண்டு விலை இருந்தால் குறைந்ததைத்தான் கேட்க முடியும். மிச்சத்தைத் திரும்ப வாங்குங்கள்.

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு ப்ரூவரி உணவகத்தில் இருபது பேருக்கு முன்பணம் கட்டினோம். இரண்டு நாள் முன்பு அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி. முன்பணம் முழுவதையும் ரத்துக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டார்கள்.
*வாசகி, ஃபீனிக்ஸ்*

அப்பா சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும், அம்மா. பணம் உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது. யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்துபோனாலோ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ ரத்துக் கட்டணமே வாங்கக் கூடாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. விருந்து அப்பாவுக்காக என்பது பதிவுக் கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ இருக்கும். அதையும் ஆஸ்பத்திரியில் சேர்த்த சீட்டின் நகலையும் இணைத்து, பத்து நாள் கெடு வைத்து எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் அதே காகிதங்களோடு குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.