கப்பல் ஞாயிற்றுக்கிழமை, ரோமில் மூன்று ராத்திரி

கேள்வி: மே கடைசி வாரம் நாங்கள் ஐந்து பேர் இத்தாலி போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். வியாழக்கிழமை மதியம் ரோமில் இறங்குகிறோம். ஞாயிறு மாலை 5 மணிக்கு ரோம் துறைமுகத்திலிருந்து ஏழு நாள் குரூஸ். நேப்பிள்ஸ், கிரேக்கத் தீவுகள், துருக்கி போய்விட்டு ரோமுக்கே திரும்பும். நடுவில் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பார்த்துவிடலாமா? எங்கே தங்குவது? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

முடியாது. ரயில் நேரத்தை மட்டும் பார்த்தால் முடியும் போலத்தான் தோன்றும். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இன்னும் இரண்டு மணி நேரம் சொச்சம். ஆனால் அந்தக் கணக்கில் ஐந்து பெட்டிகள் இல்லை, அறையைக் காலி செய்கிற நேரம் இல்லை, மாமியாரின் முழங்காலும் இல்லை. உங்கள் கையில் முழுதாக இருப்பது வெள்ளியும் சனியும்தான். வியாழன் களைப்பில் கரைந்துவிடும், ஞாயிறு கப்பலுக்கு. ரோம் ஒன்றே போதும். எரிமலையில் புதைந்த பழைய நகரமான பாம்பேய் பார்க்க வேண்டுமென்றால் கப்பல் நேப்பிள்ஸில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம், அங்கிருந்து பக்கம்தான். ஃபுளோரன்ஸும் வெனிஸும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

அடுத்து, நீங்கள் எழுதியிருக்கும் 'ரோம் துறைமுகம்' ரோமில் இல்லை. அது சிவிட்டாவெக்கியா என்கிற தனி ஊர், ரோமிலிருந்து 70, 80 கிலோமீட்டர். குரூஸ் விளம்பரங்களில் இது சகஜம். ஃபுளோரன்ஸ் என்று போட்டிருந்தால் கப்பல் லிவோர்னோவில் நிற்கும். வெனிஸ் என்று போட்டிருந்தால் டிக்கெட்டை இரண்டு தடவை படிக்க வேண்டும். 2021 ஆகஸ்ட்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸ் நகருக்குள் உள்ள கால்வாய் வழியாகப் போகக் கூடாது என்பதால், பல கப்பல்கள் ரவென்னாவிலிருந்தோ திரியெஸ்தேவிலிருந்தோ கிளம்புகின்றன. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை 70 கிலோமீட்டர் போக வேண்டும் என்பதை வைத்துத்தான் ஓட்டலையே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் பார்க்கும் இடங்களுக்கு எது பக்கம் என்று தேடுகிறார்கள். கப்பல் ஏறுகிறவர்கள் கடைசி நாள் காலையிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும்.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் பகுதி என்று பெயர். துருக்கி அதற்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்விட்டுத் திரும்ப இத்தாலிக்குள் வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே ஷெங்கன் விசா பல முறை நுழையும் வகையாக இருக்க வேண்டும். ஒற்றை நுழைவு விசாவோடு போனால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். துருக்கியில் இறங்க இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு என்ன வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெயர். நம் வீட்டில் அப்பா பெயர் இனிஷியலாக ஒருவருக்கு, குடும்பப் பெயராக இன்னொருவருக்கு என்று பாஸ்போர்ட்டில் ஆளுக்கொரு விதமாக இருக்கும். விமானம், கப்பல், கொலோசியம் டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் போடுங்கள்.

தங்க நான் சொல்லும் இடம் பிராத்தி. வத்திக்கானுக்குப் பக்கத்தில் இருக்கும் குடியிருப்புப் பகுதி. தெருக்கள் அகலம், தரை சமம், ஒட்டவியானோ, லெபாந்தோ என்று இரண்டு மெட்ரோ நிலையங்கள் நடக்கிற தூரம். பழைய நகரத்துக்குள் தங்கினால் அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே தரை முழுக்கக் கருங்கல் பாவியிருக்கும், ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு உயரம். பெட்டிச் சக்கரத்துக்கும் ஆகாது, முழங்காலுக்கும் ஆகாது. டெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி அறை மலிவு, ஆனால் ராத்திரியில் அந்தத் தெருக்கள் குழந்தைகளோடு நடக்கச் சுகப்படாது. பிராத்தியில் இன்னொரு லாபம், அது ரோமின் மேற்குப் பக்கம். ஞாயிறு காலை ஊரைக் குறுக்காகக் கடக்காமல் நேராகத் துறைமுகச் சாலையைப் பிடித்துவிடலாம். சிவிட்டாவெக்கியா ரயில்கள் நிற்கும் சான் பியெத்ரோ நிலையமும் பக்கம். அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா, வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் ஏழெட்டுப் படி ஏறின பிறகுதான் லிஃப்ட்டே இருக்கும். நகர வரி என்று ஒன்று தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று இல்லை. மூன்று நட்சத்திர ஓட்டலில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. பத்து வயதுக்குள் இருந்தால் கிடையாது, பையனுக்கு மிச்சம்.

வியாழன் மதியம் ஃபியுமிச்சினோ விமான நிலையம். விரல்ரேகை, முகப்படம் எல்லாம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள் என்பதால் குடிநுழைவு வரிசையில் நேரம் பிடிக்கும். டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. ஆனால் உங்கள் ஓட்டல் டெர்மினியில் இல்லையே. பழைய நகர மதிலுக்குள் போக வெள்ளை டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணம் உண்டு, 55 யூரோ பக்கம். ஆனால் சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான். நீங்கள் ஐந்து, ஐந்து பெட்டி வேறு. முன்கூட்டியே வேன் சொல்லிவிடுங்கள். வாசலில் 'டாக்சி, டாக்சி' என்று காதருகே வந்து கிசுகிசுப்பவர்களோடு போக வேண்டாம்.

அன்று வேறு எதுவும் திட்டம் போடாதீர்கள். சாப்பிட்டுப் படுங்கள். இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் மே மாதத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குழந்தைகள் விடிகாலை நாலரைக்கே எழுந்து பசிக்கிறது என்பார்கள். இதை எல்லோரும் தொல்லை என்பார்கள். எனக்கு அது வரம். மே மாத ரோமில் கூட்டமில்லாமல் பார்க்கக் கிடைக்கிற நேரம் காலை ஆறிலிருந்து எட்டுதான், அந்த நேரத்தில் உங்கள் வீடே விழித்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புனித பேதுரு பேராலயம் திறக்கும். ஓட்டலிலிருந்து நடந்தே போகலாம். நுழைவு இலவசம், பரிசோதனை வரிசை மட்டும் உண்டு. ஒன்பது மணிக்கு மேல் அந்த வரிசை சதுக்கத்தையே சுற்றும், ஏழு மணிக்குப் பத்து நிமிடம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், மாமியாரின் புடவைக்கு அங்கே மரியாதைதான். உள்ளே போனதும் வலது பக்கம் மைக்கலாஞ்சலோவின் பியேத்தா சிலை. 1972இல் ஒருவன் சுத்தியலால் அடித்ததிலிருந்து கண்ணாடிக்குப் பின்னால்தான். கூட்டம் சேர்ந்துவிட்டால் கண்ணாடிக்குக் கிட்டவே போக முடியாது, அதனால் முதலில் அதைப் பாருங்கள். கோபுரத்துக்கு மேலே ஏற மொத்தம் 551 படி. லிஃப்ட்டில் போனாலும் 320 படி பாக்கி. கணவரும் மகளும் போகட்டும்.

வெள்ளிக்கு நடந்து போகிற திட்டம் போட்டதற்குக் காரணம் உண்டு. இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வரும். 'ஷோப்பெரோ' என்பார்கள், தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கும் ரோம் மெட்ரோவும் பஸ்ஸும் காலை எட்டரை வரையும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும் ஓடும் என்ற உத்தரவாதம் உண்டு. ஆகவே மதியம் அறையில் தூங்கிவிட்டு மாலை ஐந்துக்கு மேல் பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோவிலுக்குப் போகலாம்.

பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ டிக்கெட் வந்தது, 18 வயதுக்குள் இலவசம். மாலை ஏழுக்கு மூடுவார்கள். உள்ளே போனதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். கூரை நடுவில் ஒன்பது மீட்டர் அகலத்துக்கு வட்ட ஓட்டை, கண்ணாடி கிடையாது, மழை பெய்தால் உள்ளேயே பெய்யும். குழந்தைகளைத் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் தரை லேசாக மேடாக இருக்கும், அங்கங்கே சின்னச் சின்னத் துளைகள். மழைத்தண்ணீர் போகிற வழி அது, கிட்டத்தட்ட 1900 வருடமாக.

வெளியே வந்தால் தெருவோரத்தில் இடுப்புக்கு மேல் உயரமான வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று எப்போதும் ஒழுகிக்கொண்டே நிற்கும். 'நசோனே', பெரிய மூக்கு என்று பெயர். ரோம் முழுக்க 2000க்கு மேல் இருக்கின்றன, குடிக்கிற தண்ணீர்தான். வளைந்த மூக்கின் மேற்புறத்தில் ஒரு பொட்டுத் துளை இருக்கும். தண்ணீர் விழும் வாயை விரலால் அடைத்தால் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும், குனியாமல் குடிக்கலாம். உங்கள் பையன் கொலோசியத்தை மறந்தாலும் இதை மறக்க மாட்டான். சட்டை நனையும், மாற்றுச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

சனிக்கிழமை ஆறரைக்குத் திரேவி நீரூற்று. பத்து மணிக்கு அங்கே தலைகள்தான் தெரியும். அங்கேயே பக்கத்தில் ஒரு பாரில் (அங்கே காபிக் கடைக்கு அதுதான் பெயர்) நின்றபடி காபியும், கொர்னெத்தோ என்கிற பிறை வடிவ இனிப்பு ரொட்டியும். உட்கார்ந்தால் விலை ஏறும், அதையும் கவனியுங்கள். ஒன்பது மணிக்குக் கொலோசியம். டிக்கெட் 18 யூரோ, சுமார் 30 நாட்களுக்கு முன்னால்தான் விற்பனைக்கு வரும், மே மாதத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும், கைபேசியில் நாள் குறித்து வையுங்கள். குழந்தைகளுக்கு இலவசம்தான், ஆனாலும் அவர்கள் பெயரிலும் டிக்கெட் எடுத்தாக வேண்டும். இதை விட்டுவிட்டு வாசலில் தவிப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். உள்ளே மேல்தளத்துக்கு லிஃப்ட் உண்டு. அதே டிக்கெட்டில் பழைய நகரச் சதுக்கத்தின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பார்க்கலாம், ஆனால் அது மேடும் பள்ளமுமாக நிழலே இல்லாத இடம். மாமியாரோடு ஒருவர் இருந்துவிடுங்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகத்தை நான் சேர்க்கவில்லை என்று கவனித்திருப்பீர்கள். கிலோமீட்டர் கணக்கில் கூடம் கூடமாக நடக்க வேண்டும், ஆறு வயதுக்கு அது தண்டனை. மகளுக்கு ஓவியத்தில் ஆசை இருந்தால் வெள்ளி காலை கோபுரத்துக்குப் பதில் நீங்கள் இருவர் மட்டும் போய்வாருங்கள். வாசல் பேராலயத்துக்குப் பக்கத்தில் இல்லை, மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம் என்று யாராவது சொல்வார்கள். கப்பல் ஏறுகிற அன்று அந்த வரிசையில் நிற்கவே வேண்டாம்.

சாப்பாடு. இத்தாலியில் சைவத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் சைவம் மாதிரி இருப்பது எல்லாம் சைவம் இல்லை. சூப்ளி என்று பொரித்த அரிசி உருண்டை விற்பார்கள், பழைய முறைப்படி அதில் கறிக் குழம்பு சேரும். பூசணிப்பூ பஜ்ஜி நம் ஊர் மாதிரியே இருக்கும், உள்ளே நெத்திலி வைத்திருப்பார்கள். காய்கறி சூப்பில்கூடக் கறி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம். 'சென்சா கார்னே, சென்சா பெஷே', கறி வேண்டாம், மீன் வேண்டாம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியது மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, எண்ணெய், அவ்வளவுதான். யூதர் குடியிருப்புப் பகுதியில் முழுசாகப் பொரித்த ஆர்ட்டிசோக் பூ கிடைக்கும். வெளி இதழ் அப்பளம் மாதிரி நொறுங்கும், மாமியாருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பெகொரினோ மாதிரி சீஸ்களில் கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை சேரும், அதுவும் ஆகாது என்றால் சீஸையே தவிர்க்கச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழரைக்கு முன் நல்ல கடைகள் திறக்காது. குழந்தைகள் ஆறரைக்கே தூங்கி விழுவார்கள். அதனால் மதியம் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு எடை போட்டு விற்கும் துண்டு பீட்சா வாங்கி அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். சோறு இல்லாமல் முடியாது என்றால் டெர்மினி பக்கம் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன.

இனி ஞாயிறு. சிவிட்டாவெக்கியாவுக்கு ரயிலில் ஆளுக்கு ஐந்து யூரோ அளவில்தான் ஆகும், ஒரு மணி நேரம் சொச்சம். இறங்கி நகர பஸ்ஸில் லார்கோ தெல்லா பாச்சே என்கிற இடம், அங்கிருந்து துறைமுகத்தின் இலவச பஸ் கப்பலடிக்குக் கொண்டுவிடும். இரண்டு இளைஞர்கள் என்றால் அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு மூன்று முறை பெட்டி ஏற்றி இறக்க வேண்டும், ரயிலில் இடமும் உறுதி கிடையாது. ஓட்டல் வாசலிலிருந்து வேன் வையுங்கள், 150லிருந்து 200 யூரோ வரை கேட்பார்கள். பத்தரைக்குக் கிளம்பினால் போதும். ரயிலைக் கைவசம் மாற்று வழியாக வைத்திருங்கள். காகித டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அபராதம். கப்பல் ஐந்துக்குக் கிளம்பும் என்றால் ஐந்துக்குப் போய் ஏற முடியாது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். என்னிடம் யோசனை கேட்ட ஒரு குடும்பம், மிச்சம் பிடிக்க அன்று காலை இறங்குகிற விமானத்தில் டிக்கெட் போட்டது. விமானம் நான்கு மணி நேரம் தாமதம். அடுத்த துறைமுகத்துக்கு ஓடிப் போய்த்தான் கப்பலைப் பிடித்தார்கள். நீங்கள் மூன்று நாள் முன்பே வருகிறீர்கள், அந்தக் கவலை இல்லை.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர சாயந்திரம் ஆகும். மருந்து, பாஸ்போர்ட், நீச்சலுடை கைப்பையில் இருக்கட்டும். பிள்ளைகள் ஏறிய அரை மணியில் நீச்சல் குளம் கேட்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு தாராளமாக எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா வேண்டாம், பால் பொருளை ஐரோப்பாவுக்குள் விட மாட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. வாழைப்பழத்துக்குத் தடையில்லை. மாமியாருக்கு வெந்நீர் வைக்க மின்சாரக் கெட்டில் எடுத்துப் போனால் அது ரோமில் மூன்று நாள்தான் உதவும். கப்பலில் ஏறும்போது ஸ்கேனரில் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, ஏழாம் நாள் இறங்கும்போதுதான் தருவார்கள். கப்பலில் வெந்நீர் எந்நேரமும் கிடைக்கும், ஒரு ஃபிளாஸ்க் போதும்.