வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டுக்குள் தெலுங்கு கேட்பது ஏன்?

குடியாத்தம், காட்பாடி பக்கம் ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய்ப் பாருங்கள். கடையில் தமிழில் பேரம் பேசிய விவசாயி, மகளிடம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொல்வார். இவர்களில் பலர் குடியேறிய உழவர்களின் வழிவந்தவர்கள்; அதாவது, வடக்கிலிருந்து வந்து நிலம் திருத்தித் தங்கிவிட்டவர்களின் வாரிசுகள்.

14ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட படைவீட்டுச் சம்புவராயரை விஜயநகரப் பேரரசு வென்றது. படைக்குப் பின்னாலேயே தெலுங்கு உழவர்களும் தலைமுறை தலைமுறையாக வந்தார்கள். கிணறு வெட்டினால் விளையும் மேட்டுநிலம் இங்கே நிறைய.

கல்யாணமாகி வரும் பெண் பிறந்த வீட்டுக் குழம்பையும் கொண்டுவருவாள் இல்லையா? மூன்றாம் தலைமுறையில் அது இந்த வீட்டுக் குழம்பு. அந்தத் தெலுங்கும் அப்படித்தான். பாதி தமிழ் கலந்தது, விஜயவாடாக்காரருக்கே சிரிப்பு வரும்.

அப்புறம், "நீங்க ஆந்திராவா?" என்று கேட்டுவிடாதீர்கள். இன்று ஆந்திராவில் இருக்கும் சித்தூரே 1911 வரை, வேலூரும் சேர்ந்திருந்த பழைய வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.