துறவு பூணாமல், குடும்பத்தோடு இருந்துகொண்டே சமண விரதங்களைக் கடைப்பிடிக்க முடியுமா?

முடியும். இல்லறத்தாருக்கென்றே வகுக்கப்பட்ட விரதங்கள் இருக்கின்றன.

நீங்கள் எழுதியிருந்தது இது: கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் வேலை, மனைவி, ஒரு குழந்தை. சமணர் வீட்டில் பிறக்கவில்லை, ஆனாலும் விரதம் எடுத்துக்கொள்ள ஆசை. உருளைக்கிழங்கும் பூண்டும் கேரட்டும் விளைகிற மலையில் கிழங்கு உண்ணாமல் இருப்பது எப்படி, வேலை முடியவே எட்டு மணி ஆகும்போது இரவு உண்ணாமை எப்படி? நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்தில், அதாவது தமிழ்ச் சமணர் வீட்டில், பிறந்தவன். பதினெட்டு ஆண்டுகளாகப் பழனி மலையில் பூண்டு வியாபாரிகளிடம் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். பட்டதைச் சொல்கிறேன்.

உங்கள் கேள்வி முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே இருக்கிறது. என்னிடம் கேட்கிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கிழங்கு சாப்பிடுவீர்களா, தேன் தொடுவீர்களா என்பார்கள். எவ்வளவு நிலம் வைத்துக்கொள்வதாக உத்தேசம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இல்லறத்தாருக்கான பன்னிரண்டு விரதங்களில் என்னை உலுக்கியெடுத்தது அந்தக் கேள்விதான்.

பன்னிரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொருளுக்கு வரையறை ஆகிய ஐந்தும் அணுவிரதங்கள். துறவிகள் இவற்றையே முழுமையாக ஏற்கும்போது மகாவிரதம் என்கிறோம். இவற்றுக்குத் துணையாகக் குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு. போகும் திசைகளுக்கு எல்லை, பயனில்லாமல் தீங்கு செய்யாமை, நுகர்பொருளுக்கு அளவு, சாமாயிகம் என்னும் அமர்வு, அட்டமி சதுர்த்தசி நோன்பு, விருந்தினருக்கும் அறவோருக்கும் பகிர்ந்து உண்ணுதல் எல்லாம் இவற்றில் அடங்கும். புலால், கள், தேன் மூன்றையும் விடுவது இதற்கெல்லாம் முந்திய வாசற்படி. பழனியில் இருந்துகொண்டு தேனை விட்டவனுக்குப் பஞ்சாமிர்தமும் கிடையாது. அன்போடு நீட்டுகிறவர்களிடம் இரு கையாலும் வாங்கிப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன்.

சாப்பாட்டுக் கேள்விக்கே முதலில் வருகிறேன். இரவு உண்ணாமை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதரி வீட்டில் கோவலனும் கண்ணகியும் தங்கும்போது, கோவலன் சாவக நோன்பி, அதாவது இல்லறத்தில் இருந்து விரதம் காக்கும் சமணர், பகலிலேயே உண்ண வேண்டியவர், சமைக்கப் பாத்திரங்களைத் தாமதிக்காமல் கொடுங்கள் என்ற பேச்சு வருகிறது. நோன்பு இன்னொருவருடையது. அதற்கு இடையர் குடியே விரைந்து உதவுகிறது. உங்களுக்கும் அப்படி உதவ நாலு பேர் தேவைப்படுவார்கள். நான் முதலாளியிடம் நேராகச் சொல்லி ஐந்தரை மணிக்குக் கால் மணி நேரம் வாங்கியிருக்கிறேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து உண்டுவிட்டு மறுபடி பேரேட்டைத் திறப்பேன். மார்கழியில் மேல்மலையில் ஐந்து மணிக்கே மஞ்சு இறங்கிவிடும், விளக்கைப் போட்டுத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். அப்போது இன்னும் அரை மணி முன்னால் உண்பேன்.

கிழங்கை விடுவதற்குக் காரணம், மண்ணுக்கடியில் விளையும் ஒரே உடலில் எண்ணற்ற உயிர்கள் தங்கியிருக்கின்றன என்று சமணம் கொள்வது. பிடுங்கும்போது செடியும் சாகிறது, மண்ணில் இருப்பவையும் சாகின்றன. எங்கள் வீடுகளிலேயே எல்லோரும் இதை ஒரே அளவில் பிடிப்பதில்லை. நான் விட்டிருக்கிறேன். அதனால் ஒருமுறை செய்த தவற்றையும் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழையில் வத்தலக்குண்டு மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. இரவு எட்டு மணி இருக்கும். பக்கத்து இருக்கையில் மேல்மலைப் பாட்டி ஒருவர் தூக்குவாளியைத் திறந்தார். தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, மேலே உப்பு. "சாப்பிடு சாமி, எப்போது வழி விடுவார்களோ" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். நான் கையை மட்டும் அசைத்து மறுத்தேன். களைப்பு, வாய் திறக்கவில்லை. அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கிழங்கை மெல்ல வாளிக்குள் வைத்து மூடி, சேலைத் தலைப்பால் அதைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவரும் சாப்பிடவில்லை. தன் கையால் வாங்க மறுக்கிறேன் என்று நினைத்துவிட்டார் என்பது எனக்குப் புரிய வெகுநேரம் ஆகியது. புரிந்தபோது அவர் தூங்கிப்போயிருந்தார். இரண்டு விரதங்களைக் காத்துக்கொண்டு ஓர் உயிரை நோகடித்தேன். இன்றுவரை அது என் கணக்கில் தீராமல் நிற்கிறது. அதற்குப் பிறகு யார் எதை நீட்டினாலும் முதலில் வாய்விட்டுக் காரணம் சொல்கிறேன்: "ஆத்தா, பொழுது சாய்ந்தால் உண்பதில்லை என்று நோன்பு. குடிக்கவும் மாட்டேன். நீங்கள் சாப்பிடுங்கள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்." இதைச் சொல்லக் கற்றுக்கொள்ளாமல் விரதம் எடுக்காதீர்கள்.

கொல்லாமை என்றால் எறும்பை மிதிக்காமல் நடப்பது என்று நினைக்கிறவர்கள் அதன் ஐந்து வழுக்களைப் படிக்க வேண்டும். சமணத்தின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம் ஒவ்வொரு விரதத்துக்கும் ஐந்து வழுக்களைச் சொல்கிறது. கொல்லாமைக்கு: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், சோறும் நீரும் தராமல் நிறுத்துதல். நான்காவதைப் படித்தபோது எனக்குக் குதிரைகள்தான் நினைவுக்கு வந்தன. சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து மூட்டைகளை அவைதான் சுமந்து வருகின்றன. சேற்றில் குளம்பு வழுக்க, கயிறு அறுத்த விலாவில் ஈ மொய்க்க, தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் குதிரைக்காரர் ஒரே நடையில் மூன்று மூட்டை ஏற்றத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கணக்கை எழுதுகிறவன் நான். நடைக்கு இரண்டு மூட்டைக்கு மேல் இல்லை, கூலி நடைக்கு என்று மாற்றி எழுத எனக்கு இரண்டு அறுவடை பிடித்தது. ஐந்தாவது வழுவில் கூலியாட்களையும் சேர்த்தே நான் பார்க்கிறேன். சனிக்கிழமைக் கூலியைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுவதும் சோற்றை நிறுத்துவதுதான்.

கள்ளாமையின் வழுக்கள் வியாபாரிகளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் சட்டத்தை மீறுதல், கள்ள எடையும் கள்ள அளவும் வைத்தல், கலப்படம் செய்து போலியை விற்றல். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அந்தப் பெயருக்கே தனி விலை. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் வெளியூர்ப் பூண்டைக் கலந்துவிட்டு மலைப்பூண்டு என்று சீட்டு எழுதச் சொன்னார்கள். ஒரு பருவம் முழுக்க எழுதினேன். புகை போட்டுக் கட்டித் தொங்கவிட்ட நல்ல பூண்டுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையெழுத்தில், நாள்தோறும். பூண்டு உண்ணாத வாயைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேலையை விட்ட பிறகுதான் இரவில் சாமாயிகத்தில் உட்கார முடிந்தது. சாமாயிகம் என்பது 48 நிமிடம், அதாவது இரண்டு நாழிகை, எந்த உயிர்மேலும் விருப்பு வெறுப்பு இல்லாமல் அமர்ந்திருப்பது. பொய்ச்சீட்டு எழுதிய கையோடு இரண்டு நாழிகை அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

இனிப் பொருள் வரையறை. நிலமும் வீடும், வெள்ளியும் பொன்னும், கால்நடையும் தானியமும், ஏவலாட்களும், துணியும் பாத்திரமும் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே அளவு கட்டிக்கொள்வது. பொருள் கைக்கு வருவதற்கு முன்பே கட்டிக்கொள்ள வேண்டும். வந்தபின் கட்டினால் வந்ததெல்லாம் அளவுக்குள் அடங்கிவிடும். நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்: குடியிருக்க ஒரு வீடு, ஊரில் பூர்வீக நிலம் ஒன்றரை ஏக்கர், அதற்கு மேல் இல்லை. சில ஆண்டுகள் கழித்துப் பூம்பாறைப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக அரை ஏக்கரை விற்க வந்தார். கையில் பணம் இருந்தது. மலையில் நிலம் விலை ஏறும் வேகம் உங்களுக்கே தெரியும். நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். கைமாற்றாக என்னால் முடிந்ததைக் கொடுத்தேன்.

வீட்டில் மனைவி கேட்டார்: "எழுதியது நீங்கள். என்னைக் கேட்டா எழுதினீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. குடும்பத்தின் பொருளுக்கு நான் ஒருவன் மட்டும் எல்லை போட்டது சரியில்லை என்று இன்றும் நினைக்கிறேன். நோட்டைக் கிழிக்கவில்லை. இருவருமாக உட்கார்ந்து புதிய பக்கத்தில் மறுபடி எழுதினோம். நிலம் அப்படியே நின்றது. பொன்னின் அளவை அவர் சொன்னார். சேலைக்கும் அவரே ஓர் எண்ணிக்கை எழுதினார்: 24. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று யாருக்காவது போய்விடும். என்னைவிட அவர்தான் கறாராகக் கடைப்பிடிக்கிறார்.

பகிர்ந்து உண்ணும் விரதத்துக்குப் பழனிக்கு அருகிலேயே கல்லில் சாட்சி இருக்கிறது. ஐவர்மலையில் பாறையின் நெற்றியில் வரிசையாகத் தீர்த்தங்கரர், அதாவது சமணம் வணங்கும் அருகர், உருவங்கள் 16. அங்கே வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, சக ஆண்டு 792, நம் கணக்கில் 870. சாந்திவீரக் குரவர் என்னும் சமணத் துறவி அங்கிருந்த தீர்த்தங்கரர் பார்சுவநாதரையும் இயக்கியர் என்னும் காவல் தேவியரையும் புதுப்பித்து, வழிபாட்டுப் படையலுக்கும் ஓர் அடிகளுக்கு, அதாவது ஒரு துறவிக்கு, சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்த செய்தி அதில் இருக்கிறது. ஒரே ஒருவருக்குச் சோறு. அந்த அளவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். எங்கள் வீட்டில் தினமும் ஒருவருக்கு அதிகமாக உலை வைப்பது அதைப் பார்த்து வந்த பிறகுதான்.

பிறப்பால் சமணர் அல்லவே என்று தயங்க வேண்டாம். சமணத் துறவியான ஆசாரிய துளசி 1949இல் அணுவிரத இயக்கத்தைத் தொடங்கியபோதே எந்த மதத்தாரும் சேரலாம் என்றுதான் வைத்தார். ஆனால் பன்னிரண்டையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாழ்நாள் முழுமைக்கும் எடுப்பதற்கு யமம் என்றும், காலவரையறையோடு எடுப்பதற்கு நியமம் என்றும் பெயர். நியமத்தில் தொடங்குங்கள். மழைக்காலம் நான்கு மாதத்துக்கு ஒரே ஒரு விரதம், தேதி போட்டு, மனைவிக்குப் படித்துக் காட்டிவிட்டு. தவறினால் அன்று மாலையே நடந்ததை நடந்தபடி எழுதி, மறுநாள் தொடருங்கள். விடுதியில் இருப்பவர் என்பதால் எதை எடுப்பது என்று கேட்டால், பயனில்லாமல் தீங்கு செய்யாமையைச் சொல்வேன். தேவையில்லாமல் தண்ணீரைக் கொட்டுவது, செடியை ஒடிப்பது, நெருப்பை அலட்சியமாகப் போடுவது எல்லாம் அதன் கீழ் வரும். பங்குனியில் காடு காய்ந்து கிடக்கும்போது அணையாத ஒரு பீடித்துண்டு என்ன செய்யும் என்று இங்கே இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஐவர்மலைக்கு ஒருநாள் குடும்பத்தோடு போய்வாருங்கள். கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸில் பழனிக்கு இறங்கி, அங்கிருந்து மலைக்குப் போகலாம். கட்டுச்சோறு கொண்டுபோங்கள், ஒருவருக்கு அதிகமாக. பகல் இரண்டு மணிக்குள் திரும்பினால் பொழுது சாய்வதற்கு முன் வீட்டில் உண்டுவிடலாம்.